ஸ்டாடியோன்: யாருடைய அடியால் அளந்தது?

கேள்வி: பண்டைய கிரேக்க நூல்களின் மொழிபெயர்ப்பில் ‘இத்தனை ஸ்டாடியா தொலைவு’ என்று படிக்கிறேன். ஸ்டேடியம் என்றால் விளையாட்டரங்கம் அல்லவா? அது எப்படித் தூரத்தைக் குறிக்கும்? மீட்டரில் எவ்வளவு?

பதில்: ஒருமையில் ஸ்டாடியோன், பன்மையில் ஸ்டாடியா. அடிப்படையில் அது 600 அடி நீளம். அந்த நீளத்தை ஒரு முறை ஓடிக் கடக்கும் பந்தயத்துக்கும் அதே பெயர், கி.மு. 776இல் ஒலிம்பியாவில் கோரோய்போஸ் வென்றதாகச் சொல்லப்படுவது இந்தப் பந்தயத்தைத்தான். பந்தயத்தின் பெயர் ஓடுகளத்துக்கும் ஆகிவந்து, லத்தீன் வழியாக இன்றைய ஸ்டேடியமாக நம்மிடம் வந்திருக்கிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கொடுக்கும் வாய்ப்பாடு தெளிவானது. 4 முழம் அல்லது 6 அடி சேர்ந்தால் ஓர் ஒர்குயியா. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் அது. தமிழில் பாகம் என்போம். 100 பாகம் ஒரு ஸ்டாடியோன். இடையில் 100 அடிக்குப் பிளெத்ரோன் என்று ஓர் அளவு உண்டு. ஆறு பிளெத்ரோன் ஒரு ஸ்டாடியோன்.

600 என்ற எண் மாறவில்லை, அடிதான் ஊருக்கு ஊர் மாறியது. ஒலிம்பியாவில் கல்லில் வெட்டிய தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையே 192.27 மீட்டர், அப்படியானால் அங்கே ஓர் அடி சுமார் 32 செ.மீ. எபிடாரஸில் ஓடுகளம் ஏறத்தாழ 181 மீட்டர், டெல்ஃபியில் 177.5. ஒலிம்பியா ஓடுகளத்தைக் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸ் தன் பாதத்தாலேயே அளந்தான் என்பது பழங்கதை. மற்ற ஊர்க் களங்களைவிட அது எவ்வளவு நீளம் என்று பார்த்து, பாதத்திலிருந்து ஹெராக்ளீஸின் உயரத்தையே பித்தாகரஸ் கணக்கிட்டார் என்று ரோமானிய எழுத்தாளர் கெல்லியஸ் குறித்திருக்கிறார். ஆக, ஊர் தோறும் அடி வேறு என்பது அந்தக் காலத்தவருக்கே தெரிந்த செய்தி.

கேள்வி: கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவை ஒரு சதவீதப் பிழைக்குள் அளந்துவிட்டார் என்கிறார்கள். 16 சதவீதம் தவறு என்றும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் ஒரே விடையிலிருந்து வருபவை. நண்பகல் நிழலைக் கொண்டு, அலெக்சாந்திரியாவுக்கும் சியீனுக்கும் (இன்றைய அஸ்வான்) உள்ள இடைவெளி வட்டத்தில் 50இல் ஒரு பங்கு என்று கண்டார். தொலைவு 5,000 ஸ்டாடியா என்று கொண்டால் சுற்றளவு 250,000. பல நூல்களில் இது 252,000 என்று இருக்கிறது. அந்த எண் 60ஆலும் 360ஆலும் மீதியின்றி வகுபடும்.

ஒரு ஸ்டாடியோனுக்கு 185 மீட்டர் வைத்தால் 46,620 கி.மீ.; துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008. 157.5 மீட்டர் வைத்தால் 39,690, அதாவது பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழ். இந்த 157.5 எந்த ஓடுகளத்திலும் அளந்து கிடைத்ததல்ல. எரட்டோஸ்தனிஸ் கணக்கில் ஒரு ஸ்கொய்னோஸ் (எகிப்தில் வழங்கிய தூர அளவு) 40 ஸ்டாடியா என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. ஸ்கொய்னோஸ் என்பது 52.5 செ.மீ. எகிப்திய முழத்தில் 12,000 என்று நாமாக வைத்து 40ஆல் வகுத்தால்தான் 157.5 வரும். பிளினியோ அதே இடத்தில் 40 ஸ்டாடியா 5 ரோமன் மைல் என்கிறார். அதன்படி ஒரு ஸ்டாடியோன் மறுபடியும் 185 மீட்டர்தான்! விடை அழகாக வர வேண்டும் என்பதற்காக அளவுகோலைச் சுருக்கக் கூடாது.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். இரு ஊர்களுக்கும் நேர்த்தொலைவு சுமார் 840 கி.மீ.; 5,000ஆல் வகுத்தால் 168 மீட்டர். இரண்டு கட்சிக்கும் நடுவே நிற்கிறது. 5,000 என்பதே முழுதாக்கிய எண். அவருடைய முறையின் பெருமைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: படிக்கும்போது எந்த எண்ணால் பெருக்குவது?

பதில்: எழுதியவர் யார் என்று முதலில் பாருங்கள். ரோமர் காலத்து நூலானால் 185 மீட்டர். 8 ஸ்டாடியா ஒரு ரோமன் மைல், அதாவது சுமார் 1,480 மீட்டர். லூக்கா 24:13இல் எருசலேமிலிருந்து எம்மாவு 60 ஸ்டாடியா என்று கிரேக்க மூலத்தில் இருப்பது இப்படித்தான் ஏழரை ரோமன் மைல், 11 கி.மீ. ஆகிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் மட்டும் மைலுக்கு எட்டே மூன்றில் ஒன்று ஸ்டாடியா என்று கணக்கிட்டதாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்கிறார். பொலிபியஸுக்கு 178 வையுங்கள். ஹெரோடோட்டஸ் பாரசீகத் தூரங்களைச் சொல்லும்போது 30 ஸ்டாடியா ஒரு பரசாங் (பாரசீகத் தூர அளவு). மூலத்தில் முழுதாக்கிய எண் இருந்தால் விடையையும் முழுதாக்குங்கள். 60 ஸ்டாடியாவை 11.1 கி.மீ. என்று தசமத்தோடு எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டும்.

கேள்வி: கடலில் ஸ்டாடியாவை எப்படி அளந்தார்கள்?

பதில்: அளக்கவில்லை, பயண நாட்களிலிருந்து பெருக்கிச் சொன்னார்கள். நீண்ட பகலில் கப்பல் 70,000 பாகமும் இரவில் 60,000 பாகமும் போகும் என்பது ஹெரோடோட்டஸ் கணக்கு. கருங்கடலைக் கடக்க 9 பகல், 8 இரவு. ஆகவே 11,100 ஸ்டாடியா. 185ஆல் பெருக்கினால் 2,000 கி.மீ.க்கு மேல் போகிறது. உண்மையான நீளம் 1,200 கி.மீ.கூட இல்லை. இந்தப் பிழைக்கு அடியின் நீளம் காரணமல்ல: டெல்ஃபி அடி, ஒலிம்பியா அடி என்று எதை வைத்தாலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம் வராது. கப்பலின் வேகத்தைக் கூட்டி வைத்ததுதான் கணக்கைக் கெடுத்தது.