சப்வூஃபரில் இரண்டு துளை, ரிசீவரில் ஒன்று

சுங்கை சிப்புட்டில் வரிசை வீடொன்றில் குடியிருக்கும் வாசகர் கேட்கிறார்: “தீபாவளிக்கு வாங்கிய 5.1 ரிசீவரில் (ஐந்து ஒலிபெருக்கிக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் கருவி) அடித்தொனிப் பெட்டியான சப்வூஃபருக்கு ஒரே துளை. சப்வூஃபரிலோ இடம், வலம் என்று இரண்டு. ஒன்றில் செருகினேன். படத்தில் வெடிச்சத்தம் அதிர்கிறது. பாட்டு போட்டால் பெட்டி ஊமையாகிவிடுகிறது. ‘ம்ம்’ என்ற இரைச்சல் மட்டும் ஓயவில்லை. பெட்டி பழுதா?”

பழுதாக இருக்காது. படத்துக்கு அதிர்ந்து பாட்டுக்கு அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அங்கேதான் இருக்கிறது.

முதலில் துளை. சப்வூஃபரில் ‘எல்.எஃப்.இ.’ (அடித்தொனித் தடம்) என்று எழுதிய துளை இருந்தால் அதிலும், இல்லையென்றால் இடப்பக்கத் துளையிலும் செருகுங்கள். ஒரே ஆர்.சி.ஏ. கேபிள் போதும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கவட்டுக் கேபிள் சில பெட்டிகளில் சத்தத்தைச் சற்றுக் கூட்டும். அதைப் பெட்டியின் வால்யூம் திருகியிலேயே கூட்டிக்கொள்ளலாம்.

5.1 படங்களில் இடி, வெடிக்கென்று தனித்தடம் உண்டு. அது நேராக சப்வூஃபருக்குப் போகிறது. பாட்டுகளோ பெரும்பாலும் இரண்டே தடம். ரிசீவரின் அமைப்பில் முன்பக்க ஒலிபெருக்கிகள் ‘லார்ஜ்’ என்று இருந்தால், பாட்டின் அடித்தொனி முழுவதும் அவற்றுக்கே போய்விடும். ‘ஸ்மால்’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது அடித்தொனியைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஒலிபெருக்கி ஆளுயரம் இருந்தாலும் தயங்காதீர்கள். அந்தச் சொல் உருவத்தைக் குறிக்கவில்லை. 80-க்குக் கீழுள்ள பாரத்தை சப்வூஃபரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு அடுத்ததில் பலர் சறுக்குகிறார்கள். சப்வூஃபரின் முதுகிலும் ஒரு கிராஸ்ஓவர் திருகி இருக்கும். அதை உச்ச எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். ரிசீவர் பிரித்து அனுப்பியதை அது மறுபடி வெட்டினால், ஒலிபெருக்கி விடுகிற இடத்துக்கும் சப்வூஃபர் பிடிக்கிற இடத்துக்கும் நடுவே பள்ளம் விழுந்துவிடும். பிரிக்கும் வேலை ரிசீவருக்கு மட்டுமே இருக்கட்டும்.

இரைச்சலுக்கு ஒரு சோதனை. மின்சாரத்தை நிறுத்தி, ஆர்.சி.ஏ. கேபிளை சப்வூஃபரிலிருந்து கழற்றிவிட்டு, கேபிள் இல்லாமலே மின்சாரத்தை மறுபடி போடுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு பெட்டிக்குள்; கடைக்காரரிடம் காட்டுங்கள். நின்றுவிட்டால் கேபிளோ, எர்த் இணைப்பு இரு வழிகளில் சுற்றுவதோ காரணம். கேபிளை மாட்டிவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு வரும் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சல் அந்த வழியாகத்தான் நுழைகிறது. ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே மின்பலகையில் செருகுவதும் உதவும். மூன்று முனை பிளக்கில் எர்த் கம்பியை மட்டும் யார் சொன்னாலும் அறுக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

இனி, பெட்டியை எங்கே வைப்பது? 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். நம் கூடத்தின் அளவும் அதை ஒட்டியே இருப்பதால், சில மூலைகளில் அடித்தொனி குவியும், சில இடங்களில் காணாமல் போகும். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். உறுமி மேளப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். உறுமியின் இழுப்பு குழறாமல், ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். பெட்டிக்கு அதுதான் இடம். விலை உயர்ந்த கேபிளைவிட இந்தப் பத்து நிமிட நடை உங்களுக்கு அதிகம் தரும். பிறகு, சப்வூஃபரின் ஒலியலை மற்ற ஒலிபெருக்கிகளோடு ஒத்துப்போக, அதிலுள்ள ‘ஃபேஸ்’ சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்து, எதில் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரை ஒட்டி மட்டும் வைக்க வேண்டாம். அடித்தொனி செங்கல்லுக்கு அடங்காது. அடியில் போடும் ரப்பர் மெத்தை தரையின் அதிர்வை மட்டுமே குறைக்கும். இரவு 10 மணிக்குமேல் ரிசீவரில் சப்வூஃபர் அளவை மட்டும் 5, 6 டெசிபல் இறக்கிவிடுங்கள். வசனம் தெளிவாகவே கேட்கும். சுவருக்கு அப்பால் தூங்கும் குழந்தையும் விழிக்காது.