வெள்ளை மாளிகையின் அழைப்பிதழ்

கேள்வி: அமெரிக்க அதிபர் வருகிற வாரம் யாரைச் சந்திக்கிறார், எந்த ஊருக்குப் போகிறார், என்ன அறிவிக்கப் போகிறார் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்களே! ஒளிவுமறைவில்லாத ஆட்சி என்றால் இதுதானே? (ஒரு வாசகர், திண்டிவனம்)

பதில்: கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "ஆகா, ஒன்றையும் மறைக்கவில்லை" என்று சொல்வீர்களா? முகூர்த்த நேரம் இருக்கும், மண்டபத்துக்கு வழி இருக்கும். எத்தனை பவுன் என்று பேசி முடித்தது இருக்குமா? அதிபரின் வார நிரலும் அந்த ரகம்தான். அழைப்பிதழ். யார் யார் எந்த நிகழ்ச்சிக்கு வரலாம் என்பதும் அதிலேயே இருக்கும். இதற்கு எல்லா நிருபர்களும் வரலாம், இதற்கு முறைவைத்துப் போகும் சிறு குழு மட்டும், இதற்குப் பத்திரிகையாளர்களுக்கே இடமில்லை என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிப்பு உண்டு. மூன்றாவது வகையில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

2011 ஏப்ரல் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒபாமாவின் நிரலில் என்ன இருந்தது? சூறாவளி புரட்டிப்போட்ட அலபாமாவின் டஸ்கலூசாவில் மக்களைச் சந்திப்பது, ஃபுளோரிடாவில் எண்டெவர் விண்கலம் கிளம்புவதைப் பார்ப்பது (கோளாறால் அன்று அது கிளம்பவில்லை), மாலையில் மயாமியில் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு. மறுநாள் இரவு வெள்ளை மாளிகை நிருபர்கள் சங்கத்தின் வருடாந்திர விருந்து. ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப். படித்தால், ஒரு அதிபருக்கு இதைவிடச் சாதாரண வாரம் இருக்க முடியுமா என்று தோன்றும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, அலபாமாவுக்கு ஹெலிகாப்டர் ஏறும் முன்னால், நாலைந்து ஆலோசகர்களிடம் நின்றபடியே அவர் சொல்லிவிட்டுப் போனதுதான் பின்லேடன் மீதான தாக்குதலுக்கான உத்தரவு. பட்டியலில் அதற்கு ஒரு வரி கிடையாது. சனிக்கிழமை விருந்தில் மேடையேறிய நகைச்சுவைக் கலைஞர் பின்லேடனை வைத்தே ஒரு ஜோக் அடித்தார். ஒபாமா பல் தெரியச் சிரித்தார். அந்தக் காட்சி வீடியோவில் இன்றும் இருக்கிறது. ஞாயிறு கோல்ஃபை ஒன்பது குழிகளோடு முடித்துக்கொண்டு திரும்பினார். இரவு பதினொன்றரை மணிக்குமேல் தொலைக்காட்சியில் தோன்றி, பின்லேடன் கொல்லப்பட்டதை அறிவித்தார். அந்த அறிவிப்பும் எந்த வார நிரலிலும் இல்லாதது.

இதிலாவது எழுதாமல் விட்டார்கள். பைடன் காலத்தில் நடக்காததையே எழுதினார்கள். 2023 பிப்ரவரி 19 ஞாயிறு மாலை வந்த பட்டியல், அதிபர் திங்கள் மாலை 7 மணிக்கு வாஷிங்டனிலிருந்து போலந்தின் வார்சாவுக்குக் கிளம்புவார் என்றது. அது வெளிவந்தபோது மனிதர் அமெரிக்காவிலேயே இல்லை. அன்று விடிவதற்கு முன்பே விமானம் ஏறி, போலந்திலிருந்து ரயிலில் உக்ரைன் தலைநகர் கீவுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட்டிப்போன இரண்டு பத்திரிகையாளர்களுக்கு வந்த மின்னஞ்சலின் தலைப்பு, ஏதோ கோல்ஃப் போட்டிக்கு எப்படி வந்து சேர்வது என்பது! போர் நடக்கும் ஊருக்குப் போகிறவர் தண்டோரா போட்டுவிட்டுப் போக முடியாதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டியலை வேதவாக்காகப் படிக்காதீர்கள்.

சரி, நீங்கள் கேட்ட அறிவிப்புகளுக்கு வருவோம். வாரத்துக்கு ஒரு தலைப்பு வைத்துக்கொண்டு தினம் ஒன்றாக அறிவிப்பது அங்கே பழைய வித்தை. 2017 ஜூன் முதல் வாரத்துக்கு டிரம்ப் அரசு வைத்த தலைப்பு 'உள்கட்டமைப்பு வாரம்'. திங்களன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு பற்றி ஒரு நிகழ்ச்சி, புதனன்று சின்சினாட்டியில் ஒரு பேச்சு. வியாழக்கிழமை, டிரம்ப் பதவி நீக்கிய எஃப்.பி.ஐ. இயக்குநர் கோமி செனட் குழு முன் சாட்சி சொல்ல உட்கார்ந்தார். ரோடாவது பாலமாவது! அப்புறம் 'உள்கட்டமைப்பு வாரம்' என்றாலே வாஷிங்டனில் சிரிப்பு என்றாகிவிட்டது. அதற்கான பெரிய சட்டம் கையெழுத்தானது 2021 நவம்பரில், அடுத்த அதிபரின் கையால்.

நிரலில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்ட இடத்தைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் டிரம்ப்பின் உள் நிரல், அதாவது வெளியே கொடுக்காத அசல் பட்டியல், மூன்று மாதத்துக்கானது கசிந்து ஆக்ஸியோஸ் இணைய இதழில் வந்தது. நேரத்தில் சுமார் 60 சதவீதத்துக்கு எதிரே ஒரே சொல்தான்: 'எக்ஸிகியூட்டிவ் டைம்', அதாவது நிர்வாக நேரம். யாரோடு, எதற்கு என்பதெல்லாம் இல்லை. டிவி பார்த்தார், போன் பேசினார் என்றார்கள். அது உழைப்புதான் என்று அவர் தரப்பு சொன்னது. இருக்கட்டும், என் வீட்டிலும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்கு 'யோசனை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்.

வெளிப்படை என்றால், போவதற்கு முன் சொல்வதல்ல, போய் வந்த பிறகு கணக்குக் காட்டுவது. யார் உள்ளே வந்தார்கள் என்ற பார்வையாளர் பதிவேட்டை ஒபாமா 2009-இல் வெளியிடத் தொடங்கினார். நல்ல காரியம். கையோடு என்ன ஆயிற்று? பதிவேட்டில் பெயர் ஏறக் கூடாத, அரசிடம் காரியம் சாதிக்க வரும் தரகர்களை அதிகாரிகள் பக்கத்துக் காபிக்கடையில் சந்திக்க ஆரம்பித்தார்கள். டிரம்ப் 2017-இல் அந்தப் பதிவேட்டை வெளியிடுவதையே நிறுத்தினார், பைடன் 2021-இல் மறுபடி தொடங்கினார். அதிபரின் விருப்பம்போல் திறந்து மூடுகிற கதவு அது.

இன்னொரு கணக்கும் உண்டு. அதிபர் எத்தனை மணிக்கு யாரோடு பேசினார் என்று எழுதிவைக்கும் தினக்குறிப்பு. பிற்காலத்தில் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் குறிப்பு. 2020 டிசம்பர் கடைசியிலும் 2021 ஜனவரியிலும், தேர்தலில் தோற்ற டிரம்ப்பின் அன்றாட நிரலாகப் பல நாட்கள் வெளியே கொடுத்தது இவ்வளவுதான்: "அதிபர் அதிகாலை முதல் இரவு வெகுநேரம் வரை பணியாற்றுவார். நிறையத் தொலைபேசி அழைப்புகள் பேசுவார், நிறையச் சந்திப்புகள் நடத்துவார்." ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. அன்றைய தொலைபேசிக் குறிப்பில் காலை 11.17 முதல் மாலை 6.54 வரை, ஏழு மணி 37 நிமிடத்துக்கு, ஓர் அழைப்புகூடப் பதிவாகவில்லை. அந்த நேரத்தில் அவரோடு போனில் பேசியதாக நாடாளுமன்றக் கீழவையில் அவருடைய கட்சிக்குத் தலைவராக இருந்த மெக்கார்த்தியே சொல்லியிருக்கிறார்.