டிஸ்க்கை நிரப்பும் லாக்

கேள்வி: ஜாவா புரோகிராம்களை ஓட்டும் டாம்கேட் சர்வரின் 'கேட்டலினா.அவுட்' என்ற லாக் (பதிவு) ஃைல் வளர்ந்து டிஸ்க்கை நிரப்புகிறது. அழித்தாலும் இடம் திரும்பக் கிடைப்பதில்லையே?
- வாசகர், துரைப்பாக்கம்

பதில்: அந்த ஃபைல் திறந்தே இருக்கிறது. நீங்கள் அழிப்பது பெயரை மட்டும்தான். டாம்கேட் நிற்கும்வரை லினக்ஸ் இடத்தை விடாது. அழிக்காமல், உள்ளிருப்பதை மட்டும் காலி செய்யுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. டாம்கேட் தரும் அமைப்பை அப்படியே வைத்திருந்தால், ஒரே செய்தி தேதியிட்ட கேட்டலினா லாகிலும் கன்சோலிலும் (திரை வெளியீடு) இரண்டு முறை எழுதப்படுகிறது. கன்சோலில் போவதெல்லாம் கேட்டலினா.அவுட்டில் வந்து விழுகிறது. 'கான்ஃப்' ஃபோல்டரில் உள்ள 'லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ்' ஃபைலைத் திறந்து, '.ஹேண்ட்லர்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கன்சோல்ஹேண்ட்லர்' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். முன்னால் உள்ள புள்ளியைக் கவனியுங்கள். அதுதான் ரூட் லாகர், அதாவது தனியாக அமைக்காத செய்திகளெல்லாம் வந்து சேரும் மேல்மட்டம். அப்புறம் ரீஸ்டார்ட். தேதியிட்ட லாகுகளை எத்தனை நாள் வைப்பது என்பதை அங்கேயே 'மேக்ஸ்டேஸ்' தீர்மானிக்கும்.

உங்கள் புரோகிராமர்கள் 'சிஸ்டம்.அவுட்' (நேராகக் கன்சோலில் எழுதும் ஜாவா வரி) போட்டிருந்தால் அது கேட்டலினா.அவுட்டில் இன்னும் வரும். அதற்கு, லாகுகளைச் சுழற்றும் லினக்ஸ் கருவியான லாக்ரொட்டேட்டை 'காப்பிட்ரங்கேட்'டுடன் (நகலெடுத்துவிட்டு அசலைக் காலி செய்யும் முறை) வையுங்கள்.

லாகின் லெவலை 'சிவியர்' (கடும் பிழைகள் மட்டும்) ஆக்க யாராவது சொன்னால் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ராத்திரி சர்வர் படுத்தால், அதற்கு முன் வந்த வார்னிங் வரிகள்தான் உங்களுக்குத் தேவைப்படும்.