உறங்காப்புளிக்குக் காவல் போட்டது யார்?

கேள்வி: எனக்கு வயது 58. முடக்குவாதத்துக்காக ஒரு மாதமாக பிரெட்னிசோலோன் 10 மி.கி. மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று சாப்பிடுகிறேன். வலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் இரவு முழுக்க உறங்காப்புளியாகக் கிடக்கிறேன். தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? இல்லை, இந்த ஸ்டீராய்டையே நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகப்பட்டினம்

பதில்: உறங்காப்புளி! இந்தச் சொல்லைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று அம்மா. நாகப்பட்டினத்துக்காரர் என்பதால் உங்கள் கைக்கு அது தானாக வந்திருக்கிறது. சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் திருக்கண்ணங்குடி. ‘காயா மகிழ், உறங்காப் புளி, ஊறாக் கிணறு, தோலா வழக்கு’ என்று அந்த ஊருக்கு ஒரு வரிசையே உண்டு. திருமங்கை ஆழ்வார் பொன்னை எடுத்துக்கொண்டு திருவரங்கத்துக்குப் போகும் வழியில் இருட்டிவிட, அங்கே ஒரு வயலில் புளியமரத்தடியில் புதைத்துவிட்டு, ‘நான் தூங்கினாலும் நீ தூங்காதே’ என்று மரத்திடம் சொல்லிவிட்டுப் படுத்தாராம். காலையில் நிலத்துக்காரர் உழ வந்தபோது மரம் இலைகளை ஆழ்வார் மேல் உதிர்த்து எழுப்பியது என்பார்கள். மற்ற புளியமரமெல்லாம் பொழுது சாய்ந்தால் இலையை மடித்துக்கொள்ளும். இந்த மரம் மட்டும் விழித்திருந்தது, ஏனென்றால் காவல் இருக்கச் சொல்லி அதற்கு உத்தரவு.

உங்களுக்கும் அப்படி ஒரு உத்தரவு தினமும் போகிறது. நீங்களே உங்கள் கையால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு விழுங்குகிறீர்களே, அந்த இரண்டாவது மாத்திரைதான் அது.

புளியை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன், காரணம் இருக்கிறது. அலெக்சாண்டரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தனீஸ் என்பவர் டைலோஸ் தீவில், அதாவது இன்றைய பஹ்ரைனில், ஒரு மரத்தின் இலைகள் இரவில் மூடிக் காலையில் விரிவதைப் பார்த்து எழுதிவைத்தார். அது புளியமரம் என்றுதான் அறிஞர்கள் கொள்கிறார்கள். அப்புறம் 1729இல் பிரான்சில் டி மேரான் என்பவர் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் கொண்டுபோய் வைத்தார். வெளிச்சமே படாமலும் அது பகலில் விரிந்தது, இரவில் மடிந்தது. வெயிலைப் பார்த்து விரிவதில்லை, உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற எண்ணத்துக்கு விதை போட்டது அந்தச் செடிதான்.

நமக்குள்ளும் ஓடுகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, விடியற்காலையில் கார்டிசோலை மளமளவென்று ஏற்றிவிடும். நாம் கண் விழிக்கிற நேரத்தில் அது உச்சம். பிறகு மெல்ல மெல்ல வடிந்து நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்குப் போகும். தூக்கம் சுகமாக வர அந்த வடிதல் வேண்டும். பிரெட்னிசோலோன் கார்டிசோலின் வேலையைச் செய்கிற மருந்து. உடம்பு ஒரு நாள் முழுக்கச் சுரப்பதைக் கணக்குப் பார்த்தால் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்கு மேல் போகாது. நீங்கள் இரவு ஒன்பது மணிக்கு 10 மி.கி. போடுகிறீர்கள். ஒரு நாள் சரக்கைப்போல இரண்டு மடங்கு, அதுவும் உடம்பு ஒரு சொட்டுகூடக் கேட்காத நேரத்தில். அதன் வேலை 12 மணி நேரத்திலிருந்து 36 மணி நேரம்வரை நீடிக்கும். உங்கள் உடம்பு ராத்திரி ஒன்பது மணியை விடிகாலை என்று நம்பி எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. மனதைத் திடப்படுத்திக்கொள், கவலைப்படாமல் படு என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். உங்கள் மனதின்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா. நுரையீரல் கோளாறுக்காக அவளுக்கும் இதே மாத்திரை, உங்களைவிடக் கூடுதலான அளவில். மயிலாடுதுறையில் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். இரவு இரண்டரை மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிகிறது. போய்ப் பார்த்தால் அக்கா தரையில் செய்தித்தாளை விரித்து, அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு, ஐந்து கிலோ புளியைக் கொட்டை எடுத்து, நாரை உரித்து, உருட்டி உருட்டி ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் களைப்பே இல்லை, கண் மட்டும் சிவந்திருந்தது. ‘தூங்கலையா அக்கா?’ என்றேன். ‘தூக்கம் எங்கேடா வருது, சும்மா படுத்துக் கிடக்கறதுக்கு இதையாவது செய்யறேன்’ என்றாள். முந்தின ராத்திரி அலமாரிப் பாத்திரம் பூராவும் தேய்த்து முடித்திருந்தாள்.

காலையில் மருந்துச் சீட்டைப் பார்த்தேன். 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று.

இந்த 1-0-1 மீதான என் பகை பழையது. இதே பக்கத்தில் முன்பு எழுதியபோது ஒரு மருத்துவர் கோபமாகக் கடிதம் போட்டார், ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் ஒதுக்குவதே பெரிய பாடு, கதை எழுதிக்கொண்டிருக்க முடியுமா என்று. அவர் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் விடுவதாக இல்லை. மருந்தின் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதியைத் திருத்திச் சொல்லிவிட்டது. பெயர் சரி, நேரம்? கடைசி 1 என்பது மாலை நாலு மணியா, ராத்திரி பத்து மணியா? மருந்துக்கடையில் பட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு போட்டு, பெயரும் காலாவதித் தேதியும் எந்தத் துண்டில் போயிற்று என்றே தெரியாமல், பிறைநிலா மாதிரி ஒரு கோடு கிறுக்கிய காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். ‘காலை 8 மணி, இட்லி சாப்பிட்டபின்’ என்று தமிழில் எழுத ஒரு கையெழுத்துப் போடும் நேரம்கூட ஆகாது. அக்காவின் மருத்துவரிடம் கேட்டபோது அவரே, ‘எல்லாவற்றையும் காலையிலேயே சேர்த்துப் போடலாமே, இரவுக்கென்று ஒரு காரணமும் இல்லை’ என்றார். நாலைந்து நாளில் அக்கா விடியற்காலை நாலு மணிவரை தூங்கினாள். இரண்டு மாதம் அவள் விழித்துக் கிடந்தது வீணாகத்தானே?

ஆகவே உங்கள் இரண்டு கேள்விக்கும் முன்னால் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது, அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: ‘இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா, முடியாவிட்டால் மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளலாமா?’ பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் நீங்களாக மாற்ற வேண்டாம், ஏனென்றால் முடக்குவாதத்தில் காலை எழுந்ததும் விரல் மடங்காத விறைப்பு இருக்கிறதே, அதற்காகவே சிலருக்கு வேண்டுமென்று இரவில் கொடுப்பதுண்டு.

நிறுத்துவது பற்றி: கூடவே கூடாது. ஒரு மாதமாக வெளியிலிருந்து சரக்கு வருவதால் உங்கள் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டு கிடக்கும். வீட்டில் நீங்கள் விழித்திருக்க, உள்ளே அது தூங்குகிறது. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் அசதி, வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அதுவும் மருத்துவர் கணக்குப்படி. தவிர இந்த மருந்தை நான் பழிக்க மாட்டேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் இதன் மூத்த உறவான கார்டிசோனை முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தது உங்களைப் போல முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்குத்தான். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சோடு கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. உங்கள் விரல்கள் இன்று பேனா பிடித்து எனக்குக் கடிதம் எழுதியிருப்பதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

தூக்க மாத்திரை? மருத்துவர் கொஞ்ச நாளுக்கு எழுதித் தந்தால் அது வேறு. கடையில் கேட்டு வாங்கவே கூடாது. ஆல்பிரசோலம், சோல்பிடெம் இரண்டும் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். சட்டத்தைவிட எனக்கு உங்கள் இடுப்பெலும்பு முக்கியம். ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும். தூக்க மாத்திரை மயக்கத்தில் ராத்திரி கழிவறைக்கு எழுந்து தடுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கழிவறை என்றதும் ஒன்று. இரவில் மூன்று நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுகிறீர்களா? அப்படியானால் சர்க்கரை ஏறியிருக்கலாம். காலையில் போடும் பிரெட்னிசோலோன் சர்க்கரையை மதியத்துக்கு மேல்தான் ஏற்றும், வெறும் வயிற்றில் பார்த்தால் நல்ல பிள்ளையாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்செரிச்சல் எழுப்புகிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.

மாலைக் காபியை விடுங்கள். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவரிடம் இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நாலு மணிக்குக் குடித்த காபியில் பாதி காஃபின் ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் வேண்டாம். படுத்து இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்பப் போங்கள். 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது, இன்றைக்கும் மருத்துவர்கள் சொல்வது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

ஒன்றை உங்கள் வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும். தூக்கமே இல்லாமலும் களைப்பே தெரியாமல் ஓயாமல் பேசுவது, கண்டபடி செலவு செய்வது, எடுத்ததற்கெல்லாம் சீறி விழுவது, யார் மேலோ சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, அல்லது வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 1972இல் பாஸ்டனில் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 40 மி.கி.வரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 1.3 பேருக்கும், 80க்கு மேல் சாப்பிட்டவர்களில் 18.4 பேருக்கும் மனநிலைக் கோளாறு வந்தது. உங்களுடையது 20, பயம் வேண்டாம். தெரிந்திருந்தால் போதும்.

இந்த வாரமே சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கடைசி 1க்குப் பக்கத்தில் எத்தனை மணி என்று உங்கள் கண்முன்னால் எழுதி வாங்குங்கள். மாற்றித் தந்தால் ஒரு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள், பகலில்.