முந்தி ஓடும் சொட்டு

கேள்வி: எங்கள் ஆலையில் மணிக்கு 5,000 லிட்டர் பாலை 72 டிகிரியில் 15 நொடி வைத்துப் பாஸ்சரைஸ் செய்கிறோம். அதே லைனில் கெட்டியான பாதாம் கலவையை ஓட்ட இன்ஜினீயர் மறுக்கிறார். அளவும் சூடும் அதேதானே? (ஈரோடு வாசகர்)

பதில்: இன்ஜினீயர் பக்கம்தான் நியாயம். பம்பு தள்ளும் அளவு மாறவில்லை. குழாய்க்குள் ஓடும் விதம் மாறிவிடுகிறது. உள்விட்டம் 48 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் நொடிக்கு 0.77 மீட்டர். சூடான பால் அந்த வேகத்தில் கொந்தளித்து ஓடும், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 50,000-ஐத் தாண்டும். (ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-ல் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்துக் கண்ட கணக்கு; சுமார் 2,000-க்குக் கீழே வந்தால் சீரோட்டம், அதாவது கலக்காமல் அடுக்கடுக்காக ஓடுவது.) கொந்தளிப்பில் எல்லாம் கலந்துவிடுவதால் குழாய் நடுவில் ஓடும் சொட்டு சராசரியைவிட 20 சதவீதம் அளவுக்குத்தான் முந்தும். அதையும் சேர்த்தால் 15 நொடிக்கு ஹோல்டிங் டியூப் (சூடான பாலை அந்த நேரம் வரை ஓடவிடும் குழாய்) 14 மீட்டர் வேண்டும்.

கலவை பாலைவிட 70 மடங்கு கெட்டி என்றால் ரெனால்ட்ஸ் எண் 750-க்கு இறங்கிவிடும். சீரோட்டத்தில் சுவரை ஒட்டிய திரவம் நகரவே நகராது. நடுச்சொட்டோ சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். 14 மீட்டரை அது 9 நொடியில் கடந்துவிடும். 15 நொடியில் லட்சத்துக்கு ஒன்று மிஞ்ச வேண்டிய கிருமி, 9 நொடியில் ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சும். போதாக்குறைக்கு, கொழுப்பும் சர்க்கரையும் கிருமிக்குக் கவசம். அமெரிக்க விதியில் ஐஸ்கிரீம் கலவைக்கு 80 டிகிரி, 25 நொடி என்று வைத்திருப்பது அதனால்தான். அந்த 25 நொடியைச் சீரோட்டத்தில் தர உங்களுக்கு 38 மீட்டர் டியூப் வேண்டும், இல்லையேல் ஓட்ட அளவைக் குறைக்க வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உப்புக் கரைசலைச் செலுத்தி மின்கடத்து மீட்டரில் நேரம் பார்க்கும் சோதனையைத் தண்ணீரில் செய்துவிட்டு "பாஸ்" என்று எழுதுவார்கள். தண்ணீர் கொந்தளித்து ஓடும், உங்கள் கலவை ஓடாது. அந்தச் சான்று கலவைக்குச் செல்லாது. டியூப் மீட்டருக்கு 2 செ.மீ.யாவது மேல்நோக்கி ஏறுகிறதா என்றும் பாருங்கள். காற்றுக்குமிழி தங்கினால் இடம் சுருங்கி ஓட்டம் இன்னும் வேகமாகும்.

கேள்வி: பால் லைனைத் தினமும் காஸ்டிக் (காஸ்டிக் சோடா கரைசல்) விட்டுக் கழுவியும், பஞ்சால் துடைத்துப் பார்க்கும் ஸ்வாப் சோதனையில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி வருகிறதே? (சேலம் வாசகர்)

பதில்: முதலில் கழுவும் பம்பின் அளவைப் பாருங்கள். பாலுக்கு வாங்கிய 5,000 லிட்டர் பம்பையே கழுவவும் வைத்திருந்தால், 48 மி.மீ. குழாயில் வேகம் 0.77 மீட்டர்தான். தேவை குறைந்தது 1.5 மீட்டர், அதற்கு மணிக்கு 9,800 லிட்டர் தள்ள வேண்டும். நடுவில் 73 மி.மீ. குழாய்த் துண்டு இருந்தால் அதில் மட்டும் 22,600 லிட்டர் தேவைப்படும். வேகம் இரட்டித்தால் சுவரை உரசும் விசை மூன்று மடங்குக்கு மேல் ஏறும். ஆனால் 1.5 மீட்டரிலும் சுவரை ஒட்டி ஏறக்குறைய 30 மைக்ரான் தடிப்பில் அடங்கிய படலம் ஒன்று இருக்கும். பாக்டீரியாவோ 1, 2 மைக்ரான். அது படலத்துக்குள் பதுங்கி, பிசுக்கு ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே வேகம் மட்டும் போதாது. பிசுக்கை ரசாயனம்தான் இளக்க வேண்டும்.

வரிசை இது: 40–50 டிகிரி வெந்நீரில் முன் கழுவல் (அதிகச் சூடானால் பால் புரதம் சுவரில் வெந்து ஒட்டும்), 1–1.5 சதவீதக் காஸ்டிக் 75 டிகிரியில் 15 நிமிடம், நீர், 0.5–1 சதவீத நைட்ரிக் அமிலம், மறுபடி நீர், கடைசியில் கிருமிநீக்கி. குளோரின் கிருமிநீக்கியும் அமிலமும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது, நச்சு வாயு வரும். இத்தனையும் சரியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது டீ (T வடிவ) இணைப்பின் முட்டுச்சந்து, அதாவது முனை அடைத்த கிளைக்குழாய். கிளையின் நீளம் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் உள்ளே நீர் சுழன்று நிற்குமே தவிர, புதிதாக வராது. இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கினால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கோழிக்கறியைக் குழாயடியில் கழுவலாமா? (திருச்சி வாசகி)

பதில்: வேண்டாம். 2022-ல் 'பிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதைச் சோதித்தது. குழாய் உயரமானால் தெறிப்பு கூடுகிறது. மெத்தென்ற இறைச்சியில் நீர்த்தாரை குழி விழச் செய்து, அந்தக் குழியே நீரை வீசுகிறது. தெறித்த துளிகளில் உயிருள்ள பாக்டீரியா இருந்தது. மஞ்சள்தூளை நம்ப வேண்டாம், 74 டிகிரி வரை வேகவைப்பதை நம்பலாம். கழுவாமல் மனம் ஒப்பாது என்றால், பாத்திரத்து நீரில் மெதுவாக அமிழ்த்தி, வடிகாலுக்குப் பக்கத்தில் தாழ்வாகச் சாய்த்து ஊற்றுங்கள். நறுக்கிய கொத்தமல்லியை அதற்கு முன்பே அந்தப் பக்கமிருந்து எடுத்து வையுங்கள். அது வேகாமலே தட்டுக்குப் போவது.