பதினேழாம் பக்கத்தில் தொடங்கும் கதை

கேள்வி: எனக்குப் பதினைந்து வயதில் அம்மா படுத்த படுக்கையானார். படிப்பை நிறுத்திவிட்டு பைண்டிங் வேலைக்குப் போனேன். அந்த மூன்று வருடங்களை இப்போது தன்வரலாறாக எழுதுகிறேன், 60 பக்கம் ஆகிவிட்டது. அச்சில் பாழான ஃபாரங்களை (பல பக்கங்கள் சேர்த்து அச்சிட்டு மடிக்கிற பெரிய தாள்களை) எடைக்குப் போடாமல் எனக்குப் படிக்க எடுத்துவைத்த ஒரு பெரியவரைத் தவிர, நல்லதாக எதுவும் நினைவில்லை. படித்துப் பார்த்த தோழி, "ஒரே அழுகையாக இருக்கிறது, நம்பிக்கை தருகிற மாதிரி முடி" என்கிறாள். முடிவை மாற்றட்டுமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம், மாற்றாதீர்கள். தோழி கேட்பது நியாயம்தான். ஆனால் அது கடைசிப் பக்கத்தில் வைக்கிற பொருள் அல்ல.

ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி தன் இளமையைப் பற்றி எழுதிய மூன்று நூல்களில் முதலாவது 1913-14ல் வெளிவந்தது. மூன்று வயதில் அப்பா காலராவில் போகிறார். பதினோரு வயதில் அம்மாவும் போகிறார். அடக்கம் முடிந்த சில நாளிலேயே, இனி உனக்கு இங்கே இடமில்லை, வெளியே போய்ப் பிழைத்துக்கொள் என்கிறார் தாத்தா. அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிடுகிறது.

நான் அதைப் படித்தது பதினாறு வயதில், எங்கள் அப்பா இறந்த வருடம். மூடி வைத்தபோது மனதில் ஒரு தெம்பு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியவில்லை. அப்புறம் திரும்பத் திரும்பப் படித்துத்தான் கண்டுபிடித்தேன்: அந்தப் பாட்டி. சண்டையும் அடியும் ஓயாத வீடு, பாட்டியும் தாத்தாவிடம் அடி வாங்குகிறவர்தான். ஆனாலும் பேரனுக்குக் கதை சொல்வதை நிறுத்தவில்லை. இவர்தான் என்னைக் காப்பாற்றினார் என்று முழங்குவதோடு கார்க்கி நின்றுவிடவில்லை. பாட்டி பொடி போடுவதையும், நீளக் கூந்தலைச் சிக்கெடுப்பதையும், கதை சொல்லும்போது முகம் மாறுவதையும் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். நம்மையும் அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறார்.

அப்பா போன அந்த வருடத்தைப் பற்றி நானும் ஒருமுறை எழுதினேன். "ஒருநாள் ஜெயித்துக் காட்டுவேன் என்று அன்றே முடிவெடுத்தேன்" என்று முடித்தேன். அது பொய். அன்று எனக்கிருந்த ஒரே யோசனை, கிழிந்த பையை மறுநாள் யார் கண்ணிலும் படாமல் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான். அந்த வரியை அடித்துவிட்டுப் பையைப் பற்றி எழுதிய பிறகுதான் அந்தப் பக்கத்துக்கு உயிர் வந்தது. பின்னாளில் தெரிந்துகொண்டதைப் பதினைந்து வயதுப் பெண்ணின் வாயில் வைக்காதீர்கள். அவளுக்கு அடுத்த வாரம்கூடத் தெரியாது.

சரி, அந்தப் பெரியவருக்கு வருகிறேன். "ஒரு பெரியவரைத் தவிர" என்று அவரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 60 பக்கத்தில் அவருக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்? ஒரு ஃபாரம் என்றால் பெரும்பாலும் 16 பக்கம். அப்படியானால் பதினேழாம் பக்கத்தில் தொடங்கி முப்பத்திரண்டில் அறுந்துபோன கதைகள் உங்கள் கைக்கு வந்திருக்கும். முன்னும் பின்னும் இல்லாத கதையை அந்தப் பெண் எப்படிப் படித்தாள்? மிச்சத்தை அவளே கட்டிக்கொண்டாளா? அம்மாவுக்குச் சொன்னாளா? அவர் தாளை எப்படிக் கொடுப்பார், மடித்தா, சுருட்டியா? ஏதாவது பேசுவாரா?

இதை விளக்க வேண்டாம், நடந்தபடி எழுதுங்கள். முடிவு இருக்கிறபடியே இருக்கட்டும். அவர் முதன்முதலில் நீட்டிய தாளில் என்ன இருந்தது என்று நினைவிருந்தால், அதை எழுதி எனக்கும் அனுப்புங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.