புவியியல், வேளாண் கொள்கை, சூழலியல் நடப்பு நிகழ்வுகளைத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது? மாதாமாதம் பிடிஎஃப் சேர்கிறது, எதுவும் மனதில் நிற்பதில்லை

எனக்கும் இதே நிலைதான் இருந்தது. குரூப் 2 தேர்வுக்கு முதல் தடவை தயாரானபோது ராம்சார் பட்டியல் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்), குறைந்தபட்ச ஆதரவு விலை, அணைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் தனித்தனித் தாள்களில் எழுதி மனப்பாடம் செய்தேன். தேர்வறையில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதை மாற்றியது எங்கள் வீட்டு நெல்.

அந்த வருஷம் குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. அப்பா நெல்லை டிராக்டரில் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். ஈரப்பதமானியில் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டார்கள், 19 சதவீதத்துக்கு மேல் காட்டியது. வரம்பு 17. திருப்பிக் கொண்டுவந்து, வெயில் தலைகாட்டிய நேரமெல்லாம் தார்ச்சாலை ஓரத்தில் கொட்டி, காலால் கிண்டிக் கிண்டிக் காயவைத்தோம். தூறல் விழுந்தால் ஓடிப்போய்த் தார்பாய் மூட வேண்டும். மூன்றாம் நாள் நெல்லை அள்ளியபோது அடியில் இருந்தது லேசாக முளை விட்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, இந்த 17 எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். மத்தியத் தொகுப்புக்கான, அதாவது மத்திய அரசின் உணவு தானியக் கையிருப்புக்கான கொள்முதலில் தர விதிகளை வகுப்பது மத்திய அரசு. அதனால்தான் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வரம்பைத் தளர்த்தச் சொல்லித் தமிழக அரசு கடிதம் எழுதுவதும், மத்தியக் குழு வந்து நெல் மாதிரி எடுப்பதும் அடிக்கடி செய்தியாகின்றன. ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம். 1965ல் வேளாண் விலைகள் ஆணையமாகத் தொடங்கி 1985ல் இந்தப் பெயர் பெற்றது. ஒப்புதல் தருவது பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு. கரும்புக்கு மட்டும் வேறு வழி, நியாயமான மற்றும் ஆதாய விலை. இதையெல்லாம் முன்பு பத்துத் தடவை படித்து மறந்திருக்கிறேன். அன்றைக்குப் படித்தது இன்றுவரை மறக்கவில்லை.

அப்புறம் இன்னொரு கேள்வி வந்தது. குறுவை அறுவடை ஏன் மழையில் மாட்டுகிறது? மேட்டூர் அணை ஜூன் 12ல் திறந்தால், 105 முதல் 115 நாள் பயிரான குறுவையைப் பருவமழை வலுக்கும் முன்பே அறுத்துவிடலாம். திறப்பு தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும். 2022ல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேதியை நிர்ணயிப்பது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. வயநாட்டு மழை கபினி வழியாக வந்து காவிரியில் சேர்கிறது. எல்லையில் பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி அங்கே தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வர வேண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007ல் சொன்னது 192. குறைந்த 14.75 கர்நாடகத்துக்குப் போனது. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. முதன்மைத் தேர்வில் காவிரி பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்தக் காரணத்தை விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். தீர்ப்பைச் செயல்படுத்த அதே ஆண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது.

சரி, சூழலியல் எங்கே? ஆற்றோடு இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். காவிரியின் கிளைகள் சில முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் முடிகின்றன. 2002ல் தமிழகத்தின் முதல் ராம்சார் தளமான கோடியக்கரைக்குள் இந்தக் காடும் அடங்குகிறது. நன்னீர் வரத்து குறைந்தால் அங்கே உப்பு ஏறும், அலையாத்தி மரங்கள் குட்டையாகும். பங்கீட்டில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியிருப்பதன் அர்த்தம் இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. குடகிலிருந்து கோடியக்கரை வரை ஒரே கோடு. மூன்று பாடமும் அதில் வந்துவிடும்.

அதனால் மாதத் தொகுப்புகளைத் தேதிவாரியாகப் படிக்காதீர்கள். தமிழ்நாட்டு வெற்று வரைபடம் ஒன்றை எடுத்து, வருகிற செய்தியை அது நடக்கும் இடத்தில் குறியுங்கள். 2023 மார்ச் இறுதியில் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி என்ற மூன்று பெயர்கள் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு ஏப்ரலில் நீக்கப்பட்டன. வரைபடத்தில் வைத்தால் முதல் இரண்டும் 2020ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் வகுத்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் இருப்பதும், அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி அதை ஒட்டி வெளியே இருப்பதும் தெரியும். மண்டலம் பற்றி முதல்வர் முதலில் செய்த அறிவிப்பில் இருந்த அரியலூர், திருச்சி, கரூர் பகுதிகள் சட்டத்தில் ஏன் இல்லை என்ற கேள்வி தானாக எழும். அந்தச் சட்டம் ஏற்கனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களைத் தொடவில்லை என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ராம்சார் பட்டியலும் இப்படித்தான் எனக்கு வசப்பட்டது. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தபோது தமிழகத்தின் எண்ணிக்கை 20 ஆனது. அவை இரண்டும், முன்பே இருந்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளமும் இராமநாதபுரம் மாவட்டம். வறண்ட மாவட்டம் என்று பேர் வாங்கிய ஊரில் எப்படி இத்தனை ஈரநிலங்கள்? இவை கண்மாய்கள். ஆறு கைகொடுக்காத மண்ணில் மழைநீரைத் தேக்கப் பாசனத்துக்காக மனிதர்கள் வெட்டியவை. அவற்றுக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஒரு முறை இதை யோசித்துவிட்டால் 'பொருத்துக' கேள்வியில் மாவட்டம் தடுமாறாது.

வருஷா வருஷம் மாறும் எண்களுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். ஆதரவு விலை, ஒதுக்கீட்டுத் தொகை போன்றவற்றைத் தேர்வுக்கு முந்தைய மாதம் ஒரு தாளில் பார்த்தால் போதும்.

பழைய பிடிஎஃப்களையும் அழிக்க வேண்டாம். ஒரு ஆற்றின் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ போட்டு அவற்றில் தேடுங்கள், ஒரு வருஷச் செய்தி ஒரே இடத்தில் வரிசைகட்டும். நான் செய்த இன்னொரு வேலை, காலை நாளிதழில் வரும் மேட்டூர் விவரத்தை ஜூன் தொடக்கத்திலிருந்து தினமும் ஒரு வரி எழுதியது: நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, இருப்பு எத்தனை டி.எம்.சி. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இரண்டு மாதம் எழுதினால், வரத்து திடீரென ஏறும் நாளில் குடகில் எப்போது மழை பெய்திருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள்.